முதுகில் இரண்டு தட்டு

என் நாத்தனார் ஒரு மூக்குக்கண்ணாடியின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். கடுகைவிடச் சின்ன திருகாணி. இடது கை கண்ணாடியின் காதுக்கம்பியைப் பிடித்திருந்தது, வலது கை குட்டி ஸ்குரூடிரைவரைச் சுழற்றியது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. கண்ணாடிக்குச் சொந்தக்காரர் எதிரே பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு நான் சுவரோர பெஞ்சில் இருந்தேன்.

முடித்து, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கி மாட்டிக்கொண்டார். ஒரு பக்கத்துக் கம்பி தொளதொளவென்று தொங்கியது.

“ஏம்மா, கழண்டது வலது பக்கம். நீங்க நல்லா இருந்த பக்கத்தைப் போய் முடுக்கியிருக்கீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுபடியும் வாங்கிச் சரிசெய்து கொடுத்து அனுப்பிவிட்டு, ஸ்குரூடிரைவரை மேஜைமேல் வைத்து, அது உருண்டு விழுந்துவிடும் என்பதுபோல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“கை தானா போயிடுச்சு அண்ணி. நான் கூட இல்லவே இல்ல.”

“ஒரு திருகாணிதானே. விடு.”

“திருகாணியைச் சொல்லல.”

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயம் முந்தின நாள்தான் எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தது.

என் நாத்தனார் பகலில் கண்ணாடிக் கடை ஊழியர், மாலையில் நாடக நடிகை. என் வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், “அன்னிக்கு ஒத்திகை இருந்துச்சு” என்பாள். நாள் முழுக்க வசனத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டே திரிவதால் நாடகக் குழுவில் அவளுக்கு முணுமுணு என்று பெயர். இளவயதில் ஆரம்பித்து தலை நரைக்கும்வரை அவளுக்குக் கிடைத்தவை கதவைத் திறக்கிற வேஷமும், தட்டை ஏந்தி வருகிற வேஷமும், “ஐயா வந்துட்டாங்க” என்று சொல்கிற வேஷமும்தான். அதற்கும் ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை.

இந்த வருஷம்தான் முதல்முறையாகப் பெரிய வேஷம். பக்கவாதத்தில் பேச்சும் ஒரு பக்கமும் போய்ப் படுத்துவிட்ட கணவன், அவனைப் பார்த்துக்கொள்ளும் மனைவி. நாடகத்தில் பேசுகிறவள் அநேகமாக இவள் ஒருத்திதான். நடுவில் அவனைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவனைத் தூக்கும் அந்த இடத்தில்தான் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

கணவனாக நடிப்பவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவர். தாடி என்று கூப்பிடுவார்கள். நல்ல ஆகிருதி. என் நாத்தனார் அவரில் பாதி இருப்பாள். அதனால்தான் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் பயிற்சி எடுத்துக்கொண்டு, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வயதாகும்வரை செய்தவள். என்னைவிடக் கனமானவர்களைத் தூக்கியிருக்கிறேன், யாரையும் கீழே போட்டதில்லை. தூக்குவதில் பலம் கொஞ்சம்தான், மீதி எல்லாம் வரிசை. நாற்காலி கட்டிலுக்குச் சாய்வாக, வாதம் தாக்காத நல்ல பக்கத்தில் நிற்க வேண்டும். பிரேக் போட வேண்டும். கால் தாங்கியை மடக்க வேண்டும். ஆளைக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுவந்து, பாதத்தைத் தரையில் வைத்து, அவர் முட்டியை நம் முட்டியால் அணைகொடுக்க வேண்டும். முதுகை வளைக்காமல் காலை மடக்கி எழும்ப வேண்டும். எழும்புவதற்கு முன்னால் படுத்திருப்பவருக்கு அது தெரிய வேண்டும். அவர் நல்ல காலை ஊன்றிக் கொஞ்சம் உதவினால் பாரம் பாதியாகும், உதவாவிட்டால் ஆள் மூட்டையாகிவிடுவார்.

“ஒண்ணு ரெண்டு மூணு சொல்லித் தூக்கு” என்றேன்.

“மேடையில எப்படி அண்ணி சொல்றது? அந்த இடத்துல வசனமே கிடையாது” என்றாள்.

அதனால் முதுகில் இரண்டு தட்டு என்று முடிவுசெய்தோம். அவரை அணைத்துக்கொண்டதும் அவர் முதுகில் அவள் இரண்டு முறை தட்டுவாள். அவர் நல்ல காலை ஊன்றுவார். பார்க்கிறவர்களுக்கு அது மனைவி ஆறுதலாகத் தட்டிக்கொடுப்பதுபோல் இருக்கும். “பிரமாதம், வசனம் மிச்சம்” என்றார் டைரக்டர். தினமும் ஆட்கள் உள்ளே வருவதற்கு முன் இருவரும் ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான்.

நாடகம் தொடங்கிய முதல் வாரம் வீடு வீடாக இல்லை. அவள் சாப்பிடவில்லை. தண்ணீர் குடித்தால் டம்ளர் பல்லில் மோதும் சத்தம் அடுப்படிவரை கேட்டது. அப்படிக் கிளம்பிப் போனவள் மேடை விளக்குக்குள் வந்ததும் தீட்டின கத்தி மாதிரி நின்றாள். எந்தச் சத்தமும் அவள் காதுக்குத் தப்பவில்லை. முன்வரிசையில் ஒருவர் இருமினால், அவர் இருமி முடிக்கும்வரை வசனத்தை நிறுத்திவைத்து, பிறகு விட்டாள். இவ்வளவு நாள் தட்டேந்தியவளா இவள் என்று எனக்கே இருந்தது.

இரண்டாவது வாரம் பசி வந்தது, தூக்கம் வந்தது. நான் நிம்மதி என்று நினைத்தேன். ஒருநாள் பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வந்ததால் தூக்கிப் பார்க்க நேரமில்லை. மறுநாள் டிரைவிங் ஸ்கூலில் யாரோ காரைச் சுவரில் விட்டதால் தாடி தாமதமாக வந்தார். அதற்கடுத்த நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நன்றாகத்தானே போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் காலை, பல் விளக்கும்போது வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“அண்ணி, நேத்து அழுவுற சீன்ல நின்னுகிட்டு, வீட்டுல பாலை மூடி வெச்சேனான்னு யோசிச்சுகிட்டிருந்தேன்.”

“மூடல. பூனை குடிச்சுட்டுப் போச்சு.”

“விளையாடாதீங்க. வாய் அது பாட்டுக்குப் பேசுது. கண்ணுல தண்ணிகூட வருது. எதிர்ல மூக்கை உறிஞ்சுறாங்க. நான் பாலைப் பத்தி நெனச்சுகிட்டிருக்கேன்.”

“அப்போ நல்லாத்தானே நடிச்சிருக்க?”

“அதான் பயமா இருக்கு. நான் இல்லாமலே நடக்குது. என்னிக்கு எது விட்டுப்போகும்னு எப்படித் தெரியும்?”

எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை, ஏனென்றால் அது சரியான வார்த்தை. எங்கள் தொழிலிலும் விபத்து புது ஆள் கையில் நடப்பதில்லை. புது ஆள் பயந்து பயந்து செய்வாள். பழகி, மனசு வேறெங்கோ போனவள் கையில்தான் நடக்கும்.

“பாரம் வேற கூடிகிட்டே போகுது. நேத்து தூக்கும்போது முழங்கால் ஆடிடுச்சு. தாடியைப் போட்டுடுவேன் அண்ணி. என்னிக்காவது ஒருநாள் போட்டுடுவேன்.”

“டைரக்டர்கிட்ட சொல்லு.”

“சொன்னா, பாவம் களைச்சுட்டாங்க, ரெண்டு நாள் சின்னவ செய்யட்டும்பாரு. ரெண்டு நாள் கடைசிவரைக்கும் ஆயிடும்.”

சின்னவள் என்பது இவளுக்கு உடம்பு முடியாமல் போனால் அந்த வேஷத்தைப் போடத் தயாராக இருக்கும் பெண். நல்ல பெண்தான். தினமும் மேடையோரம் நின்று இவள் வசனத்தை உதட்டால் கூடவே சொல்லுவாள். அந்த உதடுகள் கண்ணில் படாமல் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே மேடைக்குள் போவாள்.

இதற்கு மறுநாள்தான் கண்ணாடிக் கடையில் இடது வலது மாறியது. சனிக்கிழமை மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டு காட்சிகள். நான் வருகிறேன் என்றேன்.

“வேணாம். நீங்க வந்தா இன்னும் பதறும்.”

“உன்னைப் பார்க்க வரல. தூக்குறதைப் பார்க்க வரேன்.”

மதியக் காட்சியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். கைப்பையின் பிடியை எப்போது இறுக்கிக்கொண்டேன் என்று தெரியாது, பிறகு பார்த்தால் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருந்தது. அவள் நாற்காலியைக் கொண்டுவந்தாள், பிரேக்கைக் காலால் அழுத்தினாள், டக் என்று கேட்டது. போர்வையை மடித்தாள். அவரை விளிம்புக்குக் கொண்டுவந்தாள், அணைத்தாள், தூக்கினாள். தாடியின் பாதம் தரையில் இழுபட்டது. நல்ல கால், பாரத்தில் பங்கு வாங்க வேண்டிய கால், துணியைப் போலத் தொங்கியது. அவள் கழுத்து நரம்பு எனக்கு மூன்றாவது வரிசைவரை தெரிந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இந்த மனுஷன் நடிப்பில் ஊறிப்போய் நிஜமாகவே நோயாளியாகிவிட்டார், இவள் தனியாகச் சுமக்கிறாள் என்று நினைத்தேன். பாதி சரி.

காட்சி முடிந்ததும் உள்ளே போனேன். இரண்டு காட்சிக்கு நடுவில் ஒப்பனை அறையைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் இரவுப் பணி மாறும் நேரத்து அறை மாதிரி இருந்தது. ஒருவர் நாற்காலியில் கழுத்து சாய வாயைத் திறந்து தூங்கினார். விளக்குப் போடுகிறவர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார், பிஸ்கட்டைக் கடிக்க ஞாபகமில்லை. முதல் வாரம் இதே அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். தாடி மேடையில் அந்தக் கட்டிலிலேயே குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் அவர் தோளைத் தொடப் போனேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுப்பாதீங்க அண்ணி. மூணாவது வாரம் தூக்கம்தான் சாப்பாடு.”

“கால் ஊன்றதே இல்லடி அந்த ஆளு. உனக்குத் தெரியலையா?”

“மெதுவா பேசுங்க. சின்னவ நிக்குறா.”

“நிக்கட்டும். உன் முதுகு போனா அவதானே தூக்கப் போறா?”

“நானே சொல்லிக்குறேன். காட்சிக்கு முன்னாடி சொல்லிக்குறேன். நீங்க போய் டீ குடிங்க.”

சொல்லவில்லை. அவர் எழுந்ததே மணி அடித்த பிறகுதான்.

மாலைக் காட்சிக்கு நான் முன்னால் உட்காரவில்லை. மேடையோரம், மணல் வாளி பக்கத்தில் நின்றேன். சின்னவள் எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றாள். அவள் உதடுகள் அசைய ஆரம்பித்தன.

என் நாத்தனார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சாய்வு சரியாக இருந்தது. கால் தாங்கியை மடக்கினாள். போர்வையை எடுத்து நான்காக மடித்தாள். கட்டில் பக்கம் திரும்பினாள்.

டக் என்ற சத்தம் கேட்கவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். பிரேக் கம்பி மேலேயே நின்றது. சின்னவளும் அதைப் பார்த்துவிட்டாள், அவள் உதடுகள் நின்றுவிட்டன. “அக்கா…” என்று மூச்சில் சொன்னாள். மேடைக்கும் எங்களுக்கும் நான்கு எட்டு இருந்திருக்கும். எதிரே அரங்கம் நிறைய ஆட்கள். கத்தினால் இவள் பதறிப்போய் நடுவழியில் போட்டுவிடுவாள், கத்தாவிட்டால் நாற்காலி ஓடும். நான் வாயைத் திறந்து திறந்தபடியே நின்றேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அழகாக அழுதுகொண்டிருந்தாள். கண்ணில் ஆள் இல்லை.

தூக்கினாள், திரும்பினாள், அவரை இறக்கினாள். அவர் இடுப்பு பட்டதும் நாற்காலி பின்னால் ஓடியது.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் அவரை விடவில்லை. அவர் விழுந்த திசையில் அவளும் போனாள், சுவரில் தேய்த்து இறக்குகிற மாதிரி தன் தொடைமேல் தேய்த்து இறக்கினாள். ஆனாலும் அவர் தரையில் விழுந்ததில் மேடைப் பலகை முழுக்க அதிர்ந்தது. நாற்காலி ஜன்னலில் போய் இடித்து நின்றது.

அவர் தலை அவள் மடியில் இருந்தது. அவள் வாய் திறந்திருந்தது, வசனம் இல்லை. அந்த இடத்துக்கு வசனமே எழுதப்படவில்லையே. விளக்குப் போடுகிறவர் அணைக்கவா வேண்டாமா என்று கையை உயர்த்திக்கொண்டு டைரக்டரைத் தேடினார். அவள் மெல்லத் தலை குனிந்து தாடியின் முகத்தைப் பார்த்தாள். அப்போது ஆள் கண்ணுக்குள் திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் இதுவும் உண்டு. விழுந்தவரை உடனே தூக்காதே, கூட உட்கார். எங்கே வலிக்கிறது என்று கேள். பேச முடியாதவர் என்றால் விரலைக் கொடு, ஆமாம் என்றால் ஒரு அழுத்து, இல்லை என்றால் இரண்டு.

“வலிக்குதா?” என்று கேட்டாள். மேடைக் குரலே இல்லை, வீட்டில் பேசுகிற குரல். கடைசி வரிசைக்கு அது கேட்டிருக்குமா என்றுகூட அவள் யோசிக்கவில்லை. “இடுப்பா? சொல்லுங்க. என்னைப் பாருங்க. வலிக்குதா?”

பேச்சு போனவராக நடிக்கிற மனுஷன் என்ன பதில் சொல்வார்? அவருடைய நல்ல கை மெல்ல வந்து அவள் விரலைப் பிடித்தது. அழுத்தியதை நான் பார்க்க முடியாது. அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன், இரண்டு அழுத்து என்று புரிந்துகொண்டேன்.

பிறகு நடந்தது எல்லாம் வரிசைப்படி நடந்தது. எழுந்து போய் நாற்காலியைக் கொண்டுவந்தாள். பிரேக்கைக் காலால் மிதித்தாள், டக். அது போதாது என்று முழங்காலால் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தாள். அவரைப் பக்கவாட்டில் புரட்டி, முட்டி போடவைத்து, நல்ல கையை நாற்காலியில் பிடிக்கவைத்து, பின்னால் அணைத்துக்கொண்டாள். முதுகில் இரண்டு தட்டு தட்டினாள்.

அவர் கால் ஊன்றியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மதியம் நான் அவருடைய காலை மட்டும் பார்த்தேனே தவிர, இவள் கையைப் பார்க்கவில்லை. மதியம் இவள் தட்டவே இல்லை.

நாடகம் முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் டைரக்டர் மேடையோரம் ஓடிவந்துவிட்டார்.

“முணுமுணு! என்னம்மா அது! அந்த விழுறது, அந்தக் கேக்குறது! நாளைக்கும் அதை அப்படியே வெச்சுக்கலாம்!”

“அது நடிப்பு இல்ல சார். பிரேக் போட மறந்துட்டேன்.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“தட்டுறதையும் விட்டுட்டேன்னு நெனைக்கிறேன். எப்ப விட்டேன்னு தெரியல.”

“போன வாரம்” என்றார் தாடி. “தட்டு வரல. சரி, இனிமே என் உதவி வேணாம் போலருக்கு, தனியாவே தூக்குறாங்கன்னு நானும் காலைத் தொங்கப் போட்டுட்டேன். நல்லாவும் இருந்துச்சு, சும்மா படுத்துக் கிடக்க.”

“பாரம் தாங்காம நான் சாவுறேன், நீங்க சொகுசா வந்தீங்களா?”

“நீ சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேட்டிருக்கலாம்ல?”

அவர் பேசிக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் மட்டும்.

“இன்னொரு கையைக் காட்டுங்க தம்பி” என்றேன்.

காட்டவில்லை. நானே பிடித்து இழுத்தேன். மணிக்கட்டு உருளைக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது.

“வலிக்கலன்னு அழுத்துனீங்களே!” என்று என் நாத்தனார் கத்திவிட்டாள்.

“கூட்டம் பார்த்துகிட்டிருக்கு, வேற என்ன அழுத்தச் சொல்ற? அழுவாத. நல்ல வேளை, பக்கவாதக் கை. ஒருத்தனுக்கும் தெரியாது.”

விரல்களை மடக்கி நீட்டச் சொன்னேன், எலும்பை அமுக்கிப் பார்த்தேன். முறிவு இல்லை, சுளுக்கு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று அனுப்பினேன். டைரக்டர் ஒப்பனைப் பெட்டிமேல் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கத்திச் சண்டைன்னா ஒருநாள்கூட விடாம முன்னாடி போட்டுப் பார்ப்போம். இது வெறும் தூக்குறதுதானேன்னு விட்டுட்டோம். என் தப்புதான்.” பிறகு என் நாத்தனாரைப் பார்க்காமல் சொன்னார், “ஆனா நாளைக்கு சின்னவ போடட்டும். நீ ரெஸ்ட் எடு.”

இத்தனை நாள் அவள் பயந்தது இந்த வார்த்தைக்குத்தான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை.

“காலைல வரேன் சார். தூக்கிக் காட்டுறேன். பார்த்துட்டு நீங்க எது சொன்னாலும் சரி.”

“தாடி கை?”

“தூக்குறதுக்குக் கைதான் போச்சு, கால் இருக்கே” என்றார் தாடி.

வீட்டுக்கு வந்து அவள் சாப்பிட்டாள். பாலை மூடினாள். திரும்பப் போய் மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். படுத்தவள் எழுந்து இன்னொரு தடவையும் பார்த்தாள்.

மறுநாள் காலை தாடியும் நாங்கள் இரண்டு பேரும் தியேட்டருக்குப் போனோம். மேடையில் கூட்டிப் பெருக்கும்போது போடும் ஒற்றை விளக்கு மட்டும் எரிந்தது. அதில் கட்டில் வெறும் கட்டிலாகவும் ஜன்னல் அட்டையாகவும் தெரிந்தன. தாடியின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக் கட்டு இருந்தது. தொளதொளவென்று கட்டியிருந்தார்கள், பிரித்துக் கட்டிவிட்டேன். டைரக்டர் முன்வரிசையில் உட்கார்ந்தார். சின்னவளும் வந்திருந்தாள், மனைவி வேஷத்துப் புடவையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு.

முதல் தடவை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். சாய்வு, பிரேக், தாங்கி, பாதம், முட்டி, தட்டு. சரியாக வந்தது. இரண்டாவது தடவை வாய் திறக்காமல் செய்தாள். அதுவும் சரியாக வந்தது. டைரக்டர் தாடையைத் தடவினார். அது எனக்கும் போதவில்லை. பயம் புதிதாக இருக்கும்போது யாருக்கும் சரியாகத்தான் வரும். இன்னும் பத்து நாள் கழித்து, பயம் போன பிறகு வருமா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது தடவை அவள் நாற்காலியை வைத்து, போர்வையை எடுத்த நேரம் பார்த்து நான் கீழேயிருந்து கேட்டேன்.

“ஏண்டி, பாலை மூடினியா?”

போர்வையை மடித்த கை நின்றது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. குனிந்து பிரேக் கம்பியைப் பார்த்தாள். மேலே நின்றது. காலால் மிதித்தாள், டக். முழங்காலால் தள்ளிப் பார்த்தாள். போய் அவரை அணைத்தாள்.

“அடுப்பை அணைச்சியா? முன்கதவு?”

“பேசாதீங்க அண்ணி” என்றாள். “ஆளைத் தூக்கிகிட்டிருக்கேன்.”

முதுகில் இரண்டு தட்டு கேட்டது. தாடியின் பாதம் பலகையில் பதிந்தது. தூக்கி, திருப்பி, உட்காரவைத்தாள்.

டைரக்டர் எழுந்தார். “தினமும் கதவு திறக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை. யார் லேட்டானாலும் சரி, பத்திரிகைக்காரன் வந்தாலும் சரி” என்றார். சின்னவளிடம் திரும்பி, “நீ ஓரத்துல நின்னு வசனத்தைப் பார்க்க வேணாம், அந்த பிரேக்கைப் பாரு. கம்பி கீழ இறங்கலன்னா அழைப்புமணியை அடி. வாசல்ல யாரோ வந்தா மாதிரி இருக்கும், இவங்க நின்னுடுவாங்க” என்றார். சின்னவள் தலையாட்டிவிட்டு, மடியிலிருந்த புடவையைக் கொண்டுபோய் அதன் கொக்கியில் மாட்டினாள்.

கடை திறக்க நேரமாகிவிட்டது என்று என் நாத்தனார் செருப்பைத் தேடினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“அண்ணி, நிஜமாவே மூடினேனா?”

“மூடிட்ட. போ.”

போனாள். அவளுடைய சாப்பாட்டு டப்பா பெஞ்சில் இருந்தது. எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.